மாட்ரிடிலிருந்து ஆவிலா: ஒரு நாள் போதுமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். மாட்ரிட்டுக்குப் படிக்க வந்து அஞ்சு மாசம் ஆச்சு. ரூம்ல இருக்கறவங்க தொலேதோ, செகோவியான்னு போய் படம் போட்டுக்கிட்டே இருக்காங்க. நமக்குக் கோட்டைச்சுவர்னா சின்ன வயசுலேர்ந்து ஒரு கிறுக்கு. அதனால இன்னிக்குக் காலையில தனியா ஆவிலாவுக்குக் கிளம்பிட்டேன். இப்பதான் ரூமுக்கு வந்து சேர்ந்தேன், கால் வலி தாங்கல, ஆனா எழுதாம தூக்கம் வராது.

சமார்த்தின் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரம். எல் எஸ்கோரியல் தாண்டினதும் ஊர் மறைஞ்சு பைன் மரமும் பாறையும்தான். பாறைன்னா சும்மா இல்ல, யானைக் கூட்டம் படுத்திருக்கற மாதிரி வழவழன்னு கருங்கல். இறங்கினதும்தான் புரிஞ்சது, ஊர் கடல் மட்டத்துலேர்ந்து 1,130 மீட்டர் உயரத்துல இருக்கு. ஸ்பெயினோட மாகாணத் தலைநகரங்கள்லயே உயரமானது இதுதான். மாட்ரிட் குளிருக்கு வாங்கின ஜாக்கெட் இங்க ஒண்ணுமே இல்ல, பல்லு தந்தியடிக்குது.

ஸ்டேஷன்லேர்ந்து இருபது நிமிஷம் நேரா நடந்தா புனித தெரேசா சதுக்கம். அதுக்கு எதிர்ல திடீர்னு மதில். படத்துல நூறு தடவை பார்த்திருந்தும் நேர்ல பார்த்ததும் நின்னுட்டேன். சுற்றளவு 2,516 மீட்டர், சராசரி உயரம் 12 மீட்டர், கனம் 3 மீட்டர், ஒன்பது வாசல். ஊரைச் சுத்தி ஒரு இடத்துலயும் அறுபடாம நிக்குது. டிக்கெட் வாங்கி மேல ஏறினேன் (மாணவர் அட்டை இருந்தா குறைச்சுக் கொடுப்பாங்க, மறக்காம எடுத்துட்டுப் போங்க). முழுச் சுத்தும் நடக்க விடமாட்டாங்க, சுமார் 1,700 மீட்டர்தான் திறந்திருக்கு. அதுவும் ரெண்டு துண்டா. நடுவுல கதீட்ரலோட பின்பக்கமே மதிலா இருக்கறதால அங்க கீழ இறங்கி, மறுபடி வேற படி ஏறணும்.

மேலேர்ந்து பார்த்தா ஒரு பக்கம் ஓட்டு வீடு, கொல்லைப்புறம், காயப்போட்ட துணி. மறுபக்கம் வெட்டவெளி. மணிக்கூண்டு மேல நாரை கூடு கட்டியிருக்கு, அலகைத் தட்டித் தட்டி ஒரு சத்தம், தாயக்கட்டையை உருட்டற மாதிரி. புனித பிளாஸ் திருநாளுக்கு (பிப்ரவரி 3) நாரை வந்துடும்னு இங்க ஒரு சொலவடையே இருக்காம், பக்கத்துல நடந்துட்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். சொன்ன சொல் தவறாத நாரை.

கோபுரத்தை எண்ணிக்கிட்டே நடந்தேன். 81 வந்தது.

ரெண்டு மணிக்குக் கீழ இறங்கினேன். ஒரு மடத்து அருங்காட்சியகத்துக்குப் போனா கதவு சாத்திட்டாங்க, சாப்பாட்டு நேரமாம், ரெண்டு மணி நேரம் கழிச்சு வான்னு சீட்டு தொங்குது. கதீட்ரல் மட்டும் பார்த்தேன். சுத்திச் சுத்தி வந்தா ஊர் கையகலம்தான், நாலு மணிக்கெல்லாம் பார்க்க ஒண்ணுமில்லாம போச்சு. ஆறு மணி ரயிலுக்கு நாலரைக்கே போய் ஸ்டேஷன்ல உக்காந்துட்டேன்.

ஆக என் தீர்ப்பு: மதிலுக்கு நூத்துக்கு நூறு, ஊருக்கு அறுபது. அரை நாள் போதும். இவ்வளவு பெரிய மதிலை 1090லேர்ந்து 1099க்குள்ள ஒன்பதே வருஷத்துல கட்டி முடிச்சாங்கன்னு படிச்சேன், அதை நினைச்சாத்தான் மலைப்பா இருக்கு. போனவங்க வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.

---

ஒல்லிப்பிச்சான்
ஞாயிறு, காலை 9:05

அரை நாள் சுவருக்கு ஒரு நாள் ரயிலா? அதே காசுக்கு செகோவியா போயிருந்தா ரோமானியர் கட்டின நீர்ப்பாலம் பார்த்திருக்கலாம். சாந்து இல்லாம கல்லை அடுக்கியே நிறுத்தியிருக்கான். மதில்தான் வேணும்னா லூகோ போகணும் தம்பி. அது மூணாம் நூற்றாண்டு ரோமன் மதில், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, முழுச் சுத்தும் மேலேயே நடக்கலாம், டிக்கெட்டும் கிடையாது. ஊர்க்காரங்க காலை நடைக்கு அதுலதான் போறாங்க.

---

கல்தச்சன்
ஞாயிறு, காலை 10:40

லூகோ மாட்ரிட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒல்லி சொல்லவில்லையே. காலையில் போய் மாலையில் திரும்புகிற ஊரா அது?

தம்பி வைகைக்கரை, இரண்டு விஷயம்.

ஒன்று, அந்த ஒன்பது வருடக் கதை. அது ஒரு பழைய புராணக் குறிப்பிலிருந்து வருகிறது. அரசர் ஆறாம் அல்போன்சோ தன் மருமகன் பர்கண்டி ரைமுண்டோவை அனுப்பினார், ஒரு ரோமாபுரிக்காரரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் தலைமைக் கொத்தனார்கள், ஒன்பது வருடத்தில் வேலை முடிந்தது என்று போகும். ரைமுண்டோ வந்து ஊரைக் குடியேற்றியது உண்மை. ஆனால் மதில் வேலை 12ஆம் நூற்றாண்டு நெடுக நடந்தது என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வது. நான் கட்டுமானத் துறையில் இருப்பவன், எனக்கும் அதுதான் படுகிறது. அந்தக் குளிரில் வருடத்தில் பாதி நாள் சுண்ணாம்புச் சாந்து சரியாக இறுகாது. வெளியே கருங்கல் முகம், உள்ளே உடைகல்லும் சாந்தும் கொட்டி நிரப்பிய வயிறு. அந்த வயிறு காய்வதற்கே அவகாசம் வேண்டும்.

கிழக்குப் பக்கத்தை நீங்கள் நின்று பார்த்தீர்களா? அங்கேதான் நிலம் சமதளம், எதிரி வந்தால் அந்தப் பக்கமாகத்தான் வருவான். அதனால் அல்காசர் வாசல், சான் விசென்தே வாசல் இரண்டுக்கும் 20 மீட்டர் உயர ஜோடிக் கோபுரம். மேற்கே அதாஹா ஆறும் சரிவும் பாதி வேலையைச் செய்துவிடுவதால் அங்கே அவ்வளவு மெனக்கெடவில்லை. கிழக்குச் சுவரில் கண்ணளவு உயரத்தில் நடுவே சதுரமாகக் குழி வெட்டிய கற்கள் பதிந்திருக்கும். அவை ரோமானியக் காலத்துச் சாம்பல் வைக்கும் கற்கள். பக்கத்திலிருந்த இடுகாட்டைப் பெயர்த்து மதிலில் வைத்துவிட்டார்கள். நான் போனபோது ஒரு சிறுவன் அந்தக் குழிக்குள் தின்பண்டப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். யுனெஸ்கோ 1985இல் இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்தபோது வைத்த பெயரே ‘ஆவிலா பழைய நகரமும் மதிலுக்கு வெளியே உள்ள தேவாலயங்களும்’ என்பதுதான். பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் வெளியேதான் இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள். மதிலை ஒட்டியே மாளிகை கட்டிக்கொண்டு வாசலுக்கு ஒரு குடும்பமாகக் காவல் காத்தார்கள். உழவரும் கைவினைஞரும் வெளியே. சான் விசென்தே தேவாலயமும் சாந்தோ தோமாஸ் மடமும் என்கர்நாசியோன் மடமும் எல்லாம் வெளியே. நீங்கள் மதிலைப் பார்த்தீர்கள், சரி. மதிலிலிருந்து வெளியே இறங்கவே இல்லை. அப்புறம் ஊர் கையகலம் என்றால்?

கோபுரம் 87.

---

லாசப்பல்காரன்
ஞாயிறு, மதியம் 12:15

தம்பி, நீர் நாலு தூணுக்குப் போகேல்லையோ? அது பாக்காமல் ஆவிலா பாத்தனான் எண்டு சொல்லக் கூடாது. நாங்கள் பாரிஸிலயிருந்து கார் எடுத்துக்கொண்டு குடும்பமாப் போனனாங்கள். பாலத்தைத் தாண்டி சலமாங்கா ரோட்டில ஒரு பதினைஞ்சு நிமிசம் ஏறினால் மேட்டில நாலு கல்தூண், நடுவில ஒரு சிலுவை. அங்கயிருந்து பாத்தால்தான் முழு மதிலும் ஒரே பார்வையில விழும். மேல நடக்கேக்க நீர் மதிலுக்கு மேல நிக்கிறீர், மதில் எங்க தெரியப் போகுது?

அந்த இடத்துக்கு ஒரு கதையும் இருக்குது. இந்த ஊரில பிறந்த புனித தெரேசா அம்மா ஏழு வயசில தன்ர அண்ணன் ரொத்ரிகோவைக் கூட்டிக்கொண்டு, மூர் எண்ட முஸ்லிம் ஆக்களின்ர தேசத்துக்குப் போய் வேதசாட்சியாச் சாகப் போறன் எண்டு வீட்டை விட்டு வெளிக்கிட்டவவாம். சித்தப்பன்காரன் இந்த மேட்டிலதான் மறிச்சுப் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோனவர் எண்டு சொல்லுவினம். என்ர மகளுக்கு அப்ப ஏழு வயசு. கதையைக் கேட்டுட்டு, ‘சாப்பாடு கட்டிக்கொண்டு போனவையோ?’ எண்டு கேட்டவள்.

---

வைகைக்கரை
ஞாயிறு, மதியம் 1:30

கல்தச்சன் அண்ணே, சுருக்குன்னு குத்திட்டீங்க. ஆனா நியாயம்தான். மேப்ல மதிலுக்குள்ள இருந்த இடத்தை மட்டும் புள்ளி வெச்சு எடுத்துட்டுப் போனேன். வெளிய இருக்கறது எல்லாம் பின்னாடி வளர்ந்த புது ஊருன்னு நினைச்சுட்டேன்.

லாசப்பல் அண்ணா, பாலம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். ஏத்தம்னு சோம்பல்.

---

சைவப்பூனை
ஞாயிறு, மாலை 4:10

யாருமே சாப்பாட்டைப் பத்திப் பேசலையே! நான் சுத்த சைவம். அந்த ஊர்ல என் நிலைமையைக் கேளுங்க. ஊரோட பெருமையே சுலெத்தோன், அதாவது அரைக் கிலோவுக்குக் குறையாத மாட்டிறைச்சித் துண்டு. சரின்னு எல் பார்கோ ஊர் அவரைக்கொட்டைக் குழம்பு கேட்டேன், உள்ள சோரிஸோ தொத்திறைச்சி மிதக்குது. மிளகாய்த்தூள் போட்டு மசிச்ச உருளைக்கிழங்கு (ரெவோல்கோனாஸ்) பார்க்க நம்ம மசாலா மாதிரியே செக்கச்செவேல்னு இருந்துச்சு, வாயில ஜலம் ஊறிடுச்சு. மேல வறுத்த பன்றித்தோல் தூவியிருக்கு. ‘இறைச்சி வேண்டாம்’னு ஸ்பானிஷ்ல தெளிவா சொல்லி ஒரு சாலட் வாங்கினேன். சூரை மீனோட வந்தது. கேட்டா, ‘இது மீனுங்க, இறைச்சி இல்லை’ன்னு அந்தம்மா ரொம்ப அன்பா விளக்கம் சொன்னாங்க.

கடைசியில ‘யேமா’தான் காப்பாத்துச்சு. முட்டை சேர்த்துப்பீங்கன்னா மட்டும். மஞ்சள்கருவையும் சர்க்கரைப் பாகையும் கிண்டி உருட்டி, சர்க்கரையில புரட்டி, சின்னக் காகிதக் கிண்ணத்துல வைப்பாங்க. புனித தெரேசா பேர்லயே விக்கிறாங்க. தித்திப்பு மண்டையில ஏறும், ரெண்டுக்கு மேல முடியாது.

---

ஒல்லிப்பிச்சான்
ஞாயிறு, மாலை 4:32

சுத்த சைவம்னு ஆரம்பிச்சு மஞ்சள்கருவுல முடிச்சுட்டீங்களே அக்கா.

---

சைவப்பூனை
ஞாயிறு, மாலை 4:35

பசி வந்தா பத்தும் பறக்கும். பதினொண்ணாவதா இது.

---

மறைக்கல்வி டீச்சர்
ஞாயிறு, இரவு 8:50

பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவிலா போனதில்லை, ஆனால் முப்பது வருடம் மறைக்கல்வி வகுப்பில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். (கோயிலில் நாங்கள் ‘அவிலா’ என்றுதான் சொல்வோம். ஆவிலா சரியென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.)

நம் ஆட்களுக்குத் தெரேசா என்றாலே ஒரே குழப்பம். மூன்று பேர். கொல்கத்தாவின் அன்னை தெரேசாவை எல்லாருக்கும் தெரியும். அவர் தன் துறவறப் பெயரை எடுத்தது பிரான்ஸின் லிசியே ஊர்க் குழந்தை இயேசுவின் தெரேசாவிடமிருந்து (1873–1897). அந்த லிசியே தெரேசா எந்தச் சபையில் கன்னியராக இருந்தாரோ, அந்தக் கார்மேல் சபையைச் சீர்திருத்தியவர்தான் அவிலாவின் இயேசுவின் தெரேசா. 1515 மார்ச் 28இல் பிறந்தவர். 1562இல் அதே ஊரில் மதிலுக்கு வெளியே சான் ஹோசே மடத்தைத் தொடங்கினார். பெரிய மடத்தின் வசதியும் ஓயாத விருந்தாளிப் பேச்சும் வேண்டாம், சில பேர் போதும் என்று ஒதுங்கி வந்தவர். 1970இல் மறைவல்லுநர் (திருச்சபையின் பெரும் போதகர்) பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பிளக்கும் ஒன்று சொல்கிறேன். அவர் இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. அடக்கம் செய்த மறுநாள் என்ன தேதி? அக்டோபர் 15! அந்த ஒரு இரவில்தான் ஸ்பெயின் பழைய நாட்காட்டியை விட்டு கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. நடுவில் பத்து நாள் காணாமல் போயிற்று. அவர் திருநாள் அக்டோபர் 15இல் வருவது அதனால்தான்.

அவர் தாத்தாவைப் பற்றி வகுப்பில் சொல்ல மாட்டோம், ஆனால் சொல்ல வேண்டும். தொலேதோவில் துணி வியாபாரம் செய்தவர். யூத மதத்திலிருந்து மாறியவர். மறைவாகப் பழைய மதத்தைக் கடைப்பிடித்தார் என்று 1485இல் மதம் தவறியவர்களைத் தண்டிக்கும் திருச்சபை விசாரணைக் குழு (இன்குவிசிஷன்) அவருக்குத் தண்டனை கொடுத்து, தண்டனை அங்கியை மாட்டித் தெருத்தெருவாக நடக்க வைத்தது. அதற்குப் பிறகுதான் குடும்பம் அவிலாவுக்கு இடம் மாறியது. இந்த விவரம் 1940களில்தான் பழைய வழக்குக் கட்டுகளிலிருந்து வெளியே வந்தது. அவர் குடும்பத்தாருக்கே அவமானமாக இருந்திருக்கும். எனக்கென்னவோ இது தெரிந்த பிறகுதான் அவர் மேல் மதிப்பு கூடியது.

---

நெறியாளர்
திங்கள், காலை 7:15

விசாரணைக் குழுவை வைத்து மதச் சண்டை போட்ட ஆறு பதிவுகள் நீக்கப்பட்டன. டீச்சரின் பதிவு அப்படியே இருக்கும். இழை ஆவிலா பற்றியது.

---

வைகைக்கரை
திங்கள், மாலை 6:00

டீச்சர், ரொம்ப நன்றி. அந்தப் பத்து நாள் கதையை இன்னிக்கு வகுப்புல ஸ்பெயின்காரப் பசங்ககிட்டயே சொன்னேன், அவனுங்களுக்கே தெரியல.

கல்தச்சன் அண்ணே, ஒரு கேள்வி. ஐரோப்பாவுல எல்லா ஊர்லயும் மதில் இருந்திருக்கும்தானே? இங்க மட்டும் எப்படித் தப்பிச்சுது?

---

கல்தச்சன்
திங்கள், இரவு 9:25

நல்ல கேள்வி. போர் முடிந்த பிறகும் மதிலுக்கு வேலை இருந்தது. வாசலில் உட்கார்ந்தால் உள்ளே வருகிற சரக்குக்கு வரி வாங்கலாம். கொள்ளைநோய்க் காலத்தில் வாசலைச் சாத்தினால் போதும். அதனால் 19ஆம் நூற்றாண்டு வரை பராமரித்தார்கள்.

அதன்பிறகு ஊர்கள் பெருத்தபோது மதில் கழுத்தை நெரித்தது. பார்சிலோனா 1854இல் இடிக்கத் தொடங்கியது, வலென்சியா 1865இல். தொழிற்சாலை, ஜனநெருக்கம், நிலத்துக்கு விலை. ஆவிலாவில் அது எதுவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் செழித்த ஊர், பிறகு நொடித்துப்போனது. வளரவும் இல்லை, இடிக்க அவசியமும் இல்லை, இடிப்பதற்குக் கூலி கொடுக்கப் பணமும் இல்லை. 1884இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டார்கள். ஊர் ஏழையாக இருந்ததால் மதில் பிழைத்தது.

---

ஒல்லிப்பிச்சான்
திங்கள், இரவு 9:40

இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் செகோவியாவைப் பத்திப் பேசியே இருக்க மாட்டேன். சரி, ஒரே நாள்ல ரெண்டு ஊரும் முடியுமா?

---

கல்தச்சன்
திங்கள், இரவு 9:44

முடியும். எதையும் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

---

வைகைக்கரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10:10

நேத்து மறுபடி போனேன்! மதிலுக்குள்ள கதீட்ரலுக்கு மட்டும்தான் நுழையறதுன்னு ஒரு வைராக்கியம். அதுவும் ஏன்னா போன தடவை உள்ள இருந்த கல்லைச் சரியாப் பார்க்கல. வெள்ளையில ரத்தச் சிவப்பு தெளிச்ச மாதிரி கல், பக்கத்து லா கோலியா ஊர்க் குவாரியிலேர்ந்து வந்தது. இரும்புத் துரு ஏறினதால அந்த நிறம். பீடத்துக்குப் பின்னாடி ‘எல் தொஸ்தாதோ’ன்னு கூப்பிட்ட ஒரு ஆயரோட கல்லறை, அவர் பேனாவும் கையுமா எழுதிக்கிட்டே இருக்கற மாதிரி செதுக்கியிருக்காங்க. மனுஷன் எழுதிக் குவிச்சதால இன்னிக்கும் ஸ்பெயின்ல நிறைய எழுதறவனை ‘தொஸ்தாதோவை விட அதிகமா எழுதறான்’னு சொல்வாங்களாம். எங்க புரொபசருக்குப் பொருந்தும்.

முதல்ல சாந்தோ தோமாஸ். ஊருக்குக் கீழ, ஸ்டேஷன்லேர்ந்து வேற திசையில நடக்கணும். மூணு முற்றம், ஒண்ணை விட ஒண்ணு பெருசு. மௌன முற்றத்துல சுவர் நெடுக நுகத்தடி, அம்புக்கட்டு, மாதுளம்பழம்னு செதுக்கல். நுகம் (யூகோ) அரசி யிசபெல் பேரோட முதலெழுத்து, அம்பு (ஃப்ளேச்சா) அரசர் பெர்னாண்டோ பேரோடது, மாதுளை (கிரனாதா) 1492ல பிடிச்ச கிரனாதா. பேரையே படமா வரைஞ்சு வெச்சிருக்காங்க. கோயில் நடுவுல அவங்களோட ஒரே பையன் இளவரசர் ஹுவானோட பளிங்குக் கல்லறை, இத்தாலிய சிற்பி தொமேனிகோ ஃபான்செல்லி செஞ்சது. 1497ல பத்தொன்பது வயசுல செத்துப்போனவர். என்னை விட நாலு வயசு சின்னவர். கையுறை ரெண்டையும் உடம்புக்குப் பக்கத்துல கழட்டி வெச்ச மாதிரி செதுக்கியிருக்கான். விளையாடிட்டு வந்து படுத்தவன் மாதிரி இருந்தது. அவர் இருந்திருந்தா ஸ்பெயின் சிம்மாசனம் ஆஸ்திரியாவோட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக்கே போயிருக்காது. முதல் விசாரணைத் தலைவர் தொர்கேமாதாவும் இங்கதான் 1498ல செத்து அடக்கம் ஆனார்னு கேட்டதும், டீச்சர் சொன்ன தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. அவரைத் தண்டிச்ச குழு, அவர் பேத்தியால பேர் வாங்கின ஊர்.

அப்புறம் சான் விசென்தே. வாசலை விட்டு ரெண்டு அடி வெளிய. வெயில் பட்டதும் கல்லு ஆரஞ்சா மாறுது. உள்ள விசென்தே, சபீனா, கிறிஸ்தேதா மூணு பேரும் வேதசாட்சியா செத்த கதையைப் பெட்டி சுத்தி படக்கதை மாதிரி கட்டம் கட்டமா, கலர் அடிச்சுச் செதுக்கியிருக்கு. பிணத்தைக் கேலி பண்ண வந்த யூதரை ஒரு பாம்பு சுத்திக்க, அவர் பயந்து மதம் மாறி இந்தக் கோயிலையே கட்டினார்ங்கறது கடைசிக் கட்டம். கதையோட நோக்கம் என்னன்னு தெரியுது, ஆனா பாம்பைச் செதுக்கினவன் கை இருக்கே, அபாரம்.

சாயங்காலம் லாசப்பல் அண்ணா சொன்ன நாலு தூண். ஏறி உக்காந்தேன். காத்து காதைப் பிச்சுது. இருட்டறப்ப மதில்ல விளக்கு போட்டாங்க, கீழேர்ந்து மேல மஞ்சளா. அதுவரைக்கும் தனித்தனிக் கோபுரமா இருந்தது ஒரே உடம்பா ஆச்சு, ஆத்துப்பக்கம் சரிவுல இறங்கற வளைவு அப்பதான் தெரிஞ்சது.

ஊருக்குக் கொடுத்த அறுபது மார்க்கை வாபஸ் வாங்கிக்கறேன்.

---

லாசப்பல்காரன்
ஞாயிறு, காலை 10:25

படம் எங்க தம்பி?

---

வைகைக்கரை
ஞாயிறு, காலை 10:31

குளிர்ல போன் பாட்டரி செத்துடுச்சு அண்ணா. விளக்கு போட்ட அதே நிமிஷம்.

கோபுரம் மறுபடி எண்ணினேன். 85.

---

கல்தச்சன்
ஞாயிறு, காலை 10:50

இன்னும் ஒரு தடவை போனால் சரியாக வந்துவிடும்.